இரண்டடுக்கு ராக்கெட்டும் ஒரு சுற்று டேப்பும்

1

"இது நீயே செஞ்சதா, இல்ல யாராச்சும் செஞ்சு குடுத்தாங்களா?"

ஆம்பூரில் நான் ஒன்பதாவது படித்தபோது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் கேட்டது இது. வேலூரிலிருந்து வந்திருந்தார். என் மேசையில் இருந்தது ஒரு ராக்கெட். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், ஷூ பெட்டி அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகள், பாட்டிலில் கால்வாசித் தண்ணீர், பக்கத்தில் ஒரு சைக்கிள் பம்ப். காற்றடித்து விட்டால் பள்ளி மாடியைத் தாண்டும். அவர் அதைப் பறக்கவிடச் சொல்லவில்லை. இறக்கைகள் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. அதனால்தான் சந்தேகம்.

"நானே செஞ்சேன் சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"டேனரியில லோடு ஏத்துறாரு சார்."

"அம்மா?"

"ஷூ கம்பெனி. பேஸ்டிங்."

"ஓ. அப்ப அம்மா ஒட்டிக் குடுத்துருக்காங்க." அவரே கேட்டு, அவரே பதில் சொல்லி, குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். நான் ராக்கெட் செய்ததே அவளுக்கு டிபன் பாக்ஸைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அவர் கெட்டவர் இல்லை. பேஸ்டிங் வேலை செய்பவள் வீட்டில் சுத்தமாக ஒட்டிய ஒரு பொருளைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நான் பெருமைக்காரி. அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

2

இப்போது இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஊரே ஷூ தைத்த ஒரு சிறு நகரம். இன்று இங்கே ஷூ தைப்பவர்கள் கம்மி, சோதிப்பவர்கள் ஜாஸ்தி. நான் சோதிப்பவர்களில் ஒருத்தி. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒட்டுப் பிரிவில் வேலை. ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்திலிருந்து ஒரு இயந்திரம் இழுக்கும். எவ்வளவு விசையில் பிரிகிறது என்று திரையில் எண் வரும். வைத்திருக்கும் அளவுக்கு முன்பே பிரிந்தால் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பிரியாமல் நின்றால் 'தேர்ச்சி'. சில மாதங்களில் எங்கள் பக்கத்து அட்டைப்பெட்டிகளும் வரும். ராணிப்பேட்டையிலிருந்து ஒன்று, வாணியம்பாடியிலிருந்து ஒன்று. முகவரியைப் பார்க்கவே வேண்டாம். பெட்டியின் மேல் குறுக்கும் நெடுக்கும் சுற்றியிருக்கும் டேப் போதும். அதை அறுக்கவே என் ஜெர்மன் சகாக்களுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

வந்து ஆறு வருடம் முடிந்த நாளில் எனக்கு நானே ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டடுக்கு மாதிரி ராக்கெட். உள்ளே அட்டைக் குழாய்கள், காகிதம் போல் லேசான பால்சா மரத் தகடு, பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பாலித்தீன் பாராசூட், மூன்று மொழிகளில் ஒரு வழிகாட்டி.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

"ராக்கெட்டா? தீபாவளிக்கு வுடுவாங்களே, அதுவா?"

"அதில்லமா. இது ரெண்டு அடுக்கு."

"டிபன் கேரியர் மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான்."

"எவன் வூட்டு மேலயாவது வுழுந்தா போலீஸ் வரும்டி மெர்சி. ஊரு வுட்டு ஊரு போய் இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

டிபன் கேரியர் என்பது மோசமான உவமை இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சிறிய ராக்கெட்டுகள். இரண்டிலும் விரல் பருமனில் ஒரு மோட்டார், அதாவது வெடிமருந்து அடைத்த அட்டைக் குழாய். கீழ் மோட்டார் எரிந்து தீரும் கணத்தில் அதன் நெருப்பு மேலே பாய்ந்து மேல் மோட்டாரைப் பற்றவைக்கும். நடுவில் வயர் இல்லை, கணினி இல்லை. இரண்டு மோட்டாரும் முட்டிக்கொண்டு நின்றால்தான் நெருப்பு தாவும். அதற்காக இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சேரும் இடத்தில் செலோடேப் சுற்ற வேண்டும். மேலே பற்றிய வேகத்தில் டேப் அறுந்து கீழ்த் துண்டு கழன்று விழும். மேல் துண்டு தனியே ஏறிப் போகும். உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் விரியும்.

எத்தனை சுற்று டேப் என்றால், ஒரு சுற்று. வழிகாட்டியில் தடித்த எழுத்தில் இருந்தது. ஜெர்மனில் படித்தேன். சந்தேகம் தீர ஆங்கிலத்திலும் படித்தேன்.

3

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். எங்கள் தெருவில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. பி.எஃப். படிவம், இ.எஸ்.ஐ. அட்டை, கம்பெனி நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சாயங்காலம் என்னிடம் வரும். பன்னிரண்டு வயதில் நான் வாசித்துச் சொல்வதுதான் தெருவில் கடைசி வார்த்தை. "மெர்சி படிச்சிட்டாளா? இன்னா போட்டுக்கீதாம்?" என்று வாசலிலிருந்தே குரல் வரும். தப்பாகப் படித்தேன் என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

அம்மாவின் மேசைக்கு வேறு சட்டம். ஷூவின் மேல்பாகத் தோலுக்கும் உள்ளே வரும் லைனிங்குக்கும் இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, காய விட்டு, சேர்த்து, சின்னச் சுத்தியலால் தட்டுவது அவள் வேலை. செக்கிங்கில் எங்காவது வாய் பிளந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதே மேசைக்குத் திரும்பி வரும். எல்லார் முன்னாலும் வரும். சூப்பர்வைசர் ஒன்றும் திட்டமாட்டார். "சரோஜாம்மா, உங்க புள்ளைங்க திரும்பி வந்துட்டாங்க" என்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

ஒட்டியது பிரியக் கூடாது. வேறெந்த வேத வசனத்தையும்விட இதைத்தான் எங்கள் வீட்டில் அதிகம் கேட்டிருக்கிறேன். ஐந்து வயதில் என் நோட்டுக்கு அட்டை போட்டவள் அவள்தான். நோட்டு கிழிந்தது, அட்டை கிழியவில்லை.

4

இங்கே சிறிய மோட்டார்களைப் பதினெட்டு வயது நிரம்பிய எவரும் வாங்கலாம். பெரியவை வேண்டுமென்றால் வெடிபொருள் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு தேர்வு. வகுப்புக்கு விண்ணப்பிக்கவே இரண்டு தாள்கள். ஒன்று, நீங்கள் நம்பத் தகுந்த ஆள் என்று அரசு தரும் சான்று. மற்றது, இவருக்கு இது தேவைதான் என்று ஒரு ராக்கெட் கழகம் தரும் கடிதம்.

எனக்கு அந்த அனுமதி வேண்டும். பெட்டியில் வருவதை ஒட்டுவது எனக்குப் போதவில்லை. நானே கணக்குப் போட்டு, நானே வெட்டிய ஒன்றை மேகம் வரைக்கும் விட வேண்டும். வகுப்பு வருடத்துக்கு ஒருமுறை. என் வேலை ஒப்பந்தம் அடுத்த வசந்தத்தில் முடிகிறது. குடியிருப்பு அட்டை அதோடு கட்டியது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை.

முதல் சான்றுக்காக அலுவலகம் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். வெடிபொருள் வைத்திருக்க அனுமதி வேண்டும் என்று சொல்ல நினைத்து, வெடிக்க அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு அடி தள்ளிப் போனார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, மணியடிக்கவில்லை. என் வாக்கியத்தைத் திருத்திச் சொன்னாள். என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். பிறகு எட்டுப் பக்கப் படிவம் கொடுத்தாள். ஐந்து வருடத்தில் குடியிருந்த எல்லா முகவரியும் கேட்டிருந்தது. சொந்த ஊர் என்ற இடத்தில் ஆம்பூர் என்று எழுதினேன். "பிரியாணி ஊர்தானே? இணையத்தில் பார்த்திருக்கிறேன்" என்றாள். பதினோரு வாரம் கழித்துச் சான்று தபாலில் வந்தது. நம்பத் தகுந்தவள்.

இரண்டாவது தாள் கழகத் தலைவர் வெர்னர் கையில் இருந்தது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். சிக்கனமாகப் பேசுவார். "இரண்டடுக்கு ஒன்றை எங்கள் கண் முன்னால் விடு. இரண்டு துண்டையும் கையில் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கோதுமை அறுத்த பிறகு, உழுவதற்கு முன், ஒரு விவசாயி தன் வயலைக் கழகத்துக்கு இரண்டு சனிக்கிழமை தருவார். இரண்டே இரண்டு. இரண்டாவது சனிக்கு அடுத்த திங்கள் நண்பகலோடு, அதே அலுவலகத்தில், வகுப்புக்கான விண்ணப்பம் மூடுகிறது.

5

முதல் சனிக்கிழமை என்னோடு ஸ்டெல்லா அக்கா வந்தாள். பள்ளிகொண்டாக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு வயது மகளையும் கூப்பிட்டிருக்கிறாள். மகள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்பவள். சினேகிதியோடு நீச்சல் குளம் போகிறேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டாளாம். "ரொம்ப வற்புறுத்தினா ஜெர்மன்ல சண்டைக்கு வருவா, எனக்கு அதுல பதில் சொல்ல வராது. அவளுக்கு அது தெரியும்" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வெர்னரின் மேசையில் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் ஒரு சீட்டு. எடை, மோட்டார், செய்தவர் யார். சொந்தமாகச் செய்தது என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். அவர் இறக்கைகளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். வேறு கேள்வி இல்லை.

பட்டனை அழுத்தினேன். கீழ் மோட்டார் சீறியது. ராக்கெட் நேராக ஏறியது. ஒரு புகை முடிச்சு, மேல் மோட்டார் பற்றியது தெரிந்தது. ஆனால் ஒன்றும் கழலவில்லை. இரண்டு துண்டும் சேர்ந்தே போயின. மேல் மோட்டாரின் நெருப்பு கீழ்க் குழாய்க்குள்ளேயே எரிந்தது. ராக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரிய வில் போல வளைந்து, தலைகீழாக வந்தது. பாராசூட் விரிந்தது தரைக்கு ஒரு ஆள் உயரத்தில். விரிந்து பயனில்லை.

"ஏசுவே" என்றாள் அக்கா.

வெர்னர் கருகிய கீழ்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மிச்சமிருந்த டேப்பை நகத்தால் உரித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து வரை எண்ணினார். குழாய்கள் சேரும் இடத்தையும் தடவினார். அங்கே இறுக்கமாக உட்காரட்டும் என்று நான் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்திருந்தேன்.

"வழிகாட்டியைப் படித்தாயா?"

"படித்தேன்."

"ஒரு சுற்று என்று போட்டிருக்குமே."

"போட்டிருந்தது."

அவர் கருகிய துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தெருவுக்கே வாசித்துச் சொன்னவள் நான். தடித்த எழுத்தில் இருந்ததை இரண்டு மொழியில் வாசித்தேன். வாசித்துவிட்டு, ஒரு சுற்றா, அது எப்படி நிற்கும் என்று என் கையே முடிவு செய்து நான்கு சுற்று கூடப் போட்டது. வயரிங் தப்பு, காற்று தப்பு என்று சொல்லிக்கொள்ள வழியில்லாத தப்பு.

திரும்பும் வழியில் அக்கா சமாதானமாக ஆரம்பித்தாள். "அந்தக் கீழ் துண்டு அப்பா அம்மா மாதிரி இல்ல மெர்சி? மேல தூக்கி வுட்டுட்டு, அது கீழ விழுந்துடுது."

"உங்க பாஸ்டருக்குச் சொல்லுங்கக்கா, பிரசங்கத்துக்கு ஆவும். எங்கம்மா எங்கயும் விழல. வேலைய வுட்டுட்டு, பி.எஃப். வாங்கிட்டு, ஜம்முனு டிவி பாத்துட்டு கீறா."

அக்கா சிரித்துவிட்டாள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அந்த உவமைக்காகக் காத்திருந்திருக்கலாம். மன்னிக்கவும்.

6

அம்மாவிடம் அன்று மாலை சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. "எல்லாம் உன் கைமா. ஒட்டு பிரியக் கூடாது, பிரியக் கூடாதுன்னு சொல்லியே வளத்த. இப்ப பாரு" என்றேன்.

அவள் டிவியை நிறுத்தினாள்.

"நான் அஞ்சு சுத்து சுத்தச் சொன்னேனா?"

"இல்ல."

"அந்தப் பேப்பர்ல இன்னா போட்டு இருந்துச்சு?"

"ஒரு சுத்து."

"அத நான் படிச்சனா, நீ படிச்சியா?"

"நான்தான்."

"அப்பறம் பழிய மட்டும் ஆம்பூருக்கு அனுப்புற. நீ நல்லா பண்ணா உன் படிப்பு, தப்பா பண்ணா என் கையா? நல்லாக்கீதுடி ஞாயம்." போனை வைத்துவிட்டாள். அம்மா தானாகப் போனை வைத்தது இந்த ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அன்றைய நடுவர் என் வேலையை அவள் கணக்கில் எழுதினார். நான் என் தப்பை அவள் கணக்கில் எழுதினேன். இரண்டிலும் அவளைக் கேட்கவில்லை.

திங்களன்று எங்கள் பிரிவுத் தலைவியிடம் வேலை முடிந்த பின் இழுவை இயந்திரத்தை ஒரு மணி நேரம் பயன்படுத்த அனுமதி கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. நிரப்பினேன். எரிந்து தீர்ந்த மோட்டார் குழாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரு சுற்று, இரண்டு, மூன்று, ஐந்து என டேப் போட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு சுற்றே நான் நினைத்ததைவிட நன்றாகப் பிடித்தது. கையால் ஆட்டினால் அசையவில்லை. ஐந்து சுற்றில் டேப் அறுவதற்கு முன் அட்டைக் குழாய் கிழிந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு 'தேர்ச்சி' என்று எழுதியிருப்பேன். நாள் முழுக்க, பிரியாததே நல்லது என்று கையெழுத்துப் போடுபவளுக்கு, சரியான நேரத்தில் பிரிவதும் ஒரு வேலைப்பாடு என்று எண்ணில் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது.

பழைய பெட்டியில் மிச்சமிருந்த பால்சாவில் புதிதாக இறக்கை வெட்டினேன். கருகிய கீழ்த் துண்டுக்குப் பதிலாகப் புதுக் குழாய் வாங்கினேன். சேரும் இடத்தில் வார்னிஷ் போடவில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, தலைகீழாகப் பிடித்தால் கீழ்த் துண்டு தன் எடையிலேயே வழுக்கிக் கழலும்வரை தளர்த்தினேன். தேய்க்கும்போது கை எதிர்த்தது. அப்படித்தான் சொல்ல முடியும்.

7

இரண்டாவது சனிக்கிழமை காற்று கொஞ்சம் இருந்தது. வெர்னர் கம்பத்தில் கட்டியிருந்த ரிப்பனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பறக்கவிடும் அளவுதான், ஆனால் விளிம்பில் என்றார். என் முன்னால் இரண்டு மோட்டாரையும் சேர்த்துப் பிடித்தார். நான் டேப்பை ஒரு சுற்று போட்டேன். முனை முனையைத் தொட்டதும் கத்தரித்தேன்.

"முடிந்ததா?" என்றார்.

"முடிந்தது."

எண்ணிக்கையை நான்தான் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐந்திலிருந்து ஜெர்மனில் ஆரம்பித்தேன். மூன்று வரும்போது தமிழுக்கு மாறிவிட்டது. "மூணு, ரெண்டு, ஒண்ணு." கழகத்துக்காரர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பட்டனை அழுத்தினேன்.

சீறல். ஏற்றம். ஒரு கணம் ஒன்றுமில்லை. அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று நான் சொன்னால் மிகையாகிவிடும். பிறகு இரண்டாவது சீறல். கீழ்த் துண்டு கழன்று, கரணம் அடித்துக்கொண்டு, அறுத்த வயலில் விழுந்தது. மேல் துண்டு ஊசி அளவாகி, ஊசி முனை அளவாகி, மறைந்தது.

"போய்டுச்சு! மெர்சி, போய்டுச்சு!" ஸ்டெல்லா அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

உச்சியில் ஆரஞ்சுப் புள்ளி விரிந்தது. பாராசூட். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே காற்று அதை எடுத்துக்கொண்டு, வயலைத் தாண்டி, பாதையைத் தாண்டி, பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற மக்காச்சோளக் கொல்லைக்குள் இறக்கிவிட்டது.

மாலை வரை கொல்லையின் ஓரமாகவே நடந்து தேடினோம். உள்ளே போகக் கழகத்துக்கு அனுமதி இல்லை, அது வேறொருவர் நிலம். கீழ்த் துண்டு மட்டும் என் கையில் இருந்தது. அக்காவுக்குக் கோபம். தன் ஆஸ்பத்திரி ஜெர்மனில் வெர்னரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் கண்ணால் பார்த்தீர்களே!"

"பார்த்தேன். மிக அழகாகப் பறந்தது."

"அப்புறம் என்ன? கையெழுத்துப் போடுங்கள்."

"இரண்டு துண்டும் கையில் என்று சொன்னேன். ஒன்றுதான் இருக்கிறது."

"இன்னாய்யா மனுஷன் நீ" என்றாள் அக்கா தமிழில். வெர்னர் அதை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

நான் கெஞ்சவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் போடமாட்டேன். தினமும் அதுதானே என் தொழில். கொல்லைக்காரரின் போன் எண்ணை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போனை எடுத்தது கொல்லைக்காரரின் மனைவி. நாளை போய்த் தேடிக்கொள், கதிரை ஒடிக்காதே என்றார். திங்கள் காலை ஆறு மணிக்கு அறுவடை இயந்திரம் வருகிறது என்றும் சொன்னார்.

8

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகவில்லை. எட்டு மணிக்குக் கொல்லையின் மேற்கு முனையில் நின்றேன். அக்காவுக்கு டியூட்டி. நான் மட்டும். வரிசைக்கு வரிசை ஒரு முழ இடைவெளி, உள்ளே போனால் வானம் மேலே ஒரு கோடாகத் தெரியும். ஒரு வரிசை போய், அடுத்த வரிசையில் திரும்பி, முடித்த வரிசையின் முனையில் சாக்பீஸால் தண்டில் ஒரு கோடு போட்டேன். இலை விளிம்பு கையைக் கீறியது.

நாற்பத்தோராவது வரிசையில் போன் அடித்தது. அம்மா. அன்று போனை வைத்த பிறகு முதல் தடவை. வீடியோவில் வந்தாள். சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு இருந்தாள்.

"இன்னாடி இது, எங்க கீற? சோளக் கொல்லையா? நம்ம திமிரி பக்கம் மாதிரி கீது."

"ராக்கெட் இதுக்குள்ள வுழுந்துடுச்சுமா."

"பறந்துச்சா?"

"பறந்துச்சு. பிரிஞ்சிச்சு."

"பிரிஞ்சிடுச்சில்ல." திரைக்குக் கிட்டே குனிந்தாள். "பாம்பு இருக்குமா அங்க?"

"இல்லமா."

"காலுக்கு இன்னா போட்டுக்கீற, காட்டு."

காட்டினேன். பூட்ஸ். அதன் பக்கவாட்டுத் தையலைத் திரையில் உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கம்பெனியுடையது போலிருந்தது.

"அன்னிக்கு நான் பேசுனது தப்புமா" என்றேன்.

"தப்புதான்" என்றாள். "தேடு. நான் இங்கதான் இருப்பேன், வெக்காத."

போனைச் சட்டைப் பையில் வெளிப்பக்கம் பார்த்தபடி செருகிக்கொண்டு நடந்தேன். அவளுக்கு இலைகள் மட்டும் தெரிந்திருக்கும். நடுநடுவே "அது இன்னா?" என்பாள். பிளாஸ்டிக் பை. "அது?" பழைய கயிறு. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், எண்ணிக்கையை நான் தவறவிட்டிருந்த ஏதோ ஒரு வரிசையில், ஆரஞ்சுப் பாராசூட் ஒரு கதிர் மேல் மாட்டிக்கொண்டு தொங்கியது. கீழே ரப்பர் கயிற்றில் மேல் துண்டு. ஒரு இறக்கையில் மட்டும் லேசான கீறல்.

முதலில் அம்மா பார்த்தாளா நான் பார்த்தேனா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஜெர்மானியர் வீட்டு மணியை அடிப்பது, வெடிக்க அனுமதி கேட்பதைவிடப் பெரிய குற்றம். அடித்தேன். வெர்னர் வீட்டுச் செருப்போடு வந்தார். இரண்டு துண்டையும் வாங்கி, ஒன்றில் மற்றதைச் செருகி, தலைகீழாகப் பிடித்தார். கீழ்த் துண்டு தானாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார்.

9

திங்களன்று காலை அரை நாள் விடுப்பு எடுத்தேன். அலுவலகம் திறக்கும்போது கதவருகே நின்றது நான் மட்டும்தான். அதே கண்ணாடி போட்ட பெண். சான்றைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், மணி பார்த்து முத்திரை குத்தினாள். வகுப்பில் எனக்கு இடம் பதிவாகிவிட்டது.

அங்கிருந்து நேராகக் குழாய் விற்கும் கடைக்குப் போனேன். பெட்டியில் வராத அளவில், என் கை முழங்கைவரை உள்ளே போகும் விட்டத்தில் ஒரு குழாய் வாங்கினேன். இறக்கைகளுக்கு நான் போட்ட கணக்கு நான்கு பக்கம் இருக்கிறது. முதல் இறக்கையை நேற்று வெட்டி முடித்தேன். இரண்டாவது இப்போது மேசைமேல், பாதி வெட்டியபடி இருக்கிறது.